கறுத்தக்கொழும்பான் வந்த கோச்சி

கொழும்புக் கோட்டை ஸ்ரேசனில் விடியற்காலையில் நின்றபோது எனது மகள் ரிக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா, ஏன் மூன்றாம் வகுப்பு எடுத்தீங்கள்? இரண்டாம் வகுப்பிலை இடம் இருக்கெண்டு அந்த அண்ணா சொன்னவர்தானே?" என்று கேட்டாள். 2016ஆம் ஆண்டு ஆடி அமாவாசைக்கு மூன்று நாள் முன்பு அது. கனடாவில் பிறந்த பிள்ளை. யாழ்தேவியைப் பற்றி நான் வீட்டில் அளந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவள். அந்த யாழ்தேவியில் மூன்றாம் வகுப்பும் இருக்கிறது என்று நான் ஒருநாளும் சொல்லவில்லைப் போலும்.

"ஏறு, பிறகு சொல்லுறன்" என்றேன். சொல்லத் தொடங்கினால் மாமாவில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் ஊர் மாவிட்டபுரம். வடபகுதி இரயில் பாதையின் கடைசி ஸ்ரேசனான காங்கேசன்துறைக்குக் கூப்பிடு தூரம். 1905ஆம் ஆண்டில் கொழும்போடு முழுதாக இணைந்த அந்தப் பாதையில் 1956இல் இருந்து யாழ்தேவி ஓடியது. ஆனால் மாமாவின் கோச்சி யாழ்தேவி அல்ல. அது பகலில் ஓடுவது, ஒரு நாள் லீவைத் தின்றுவிடும். மாமா வந்தது வெள்ளிக்கிழமை இரவு மெயிலில். போனது ஞாயிற்றுக்கிழமை இரவு மெயிலில். மாதத்தில் இரண்டு தரம், 1957இல் இருந்து 1983 வரை, இருபத்தாறு வருடங்கள். "எங்கடை ஊர் நல்ல ஊர். நித்திரை கொண்டாலும் ஸ்ரேசன் தவறாது. அங்காலை போனால் கடல்தான், கோச்சி எப்பிடியும் நிக்கும்" என்பார்.

மாமா கொழும்பில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். நல்ல கறுப்பு. சனிக்கிழமை காலை படலையடியில் நின்று, "கறுத்தக்கொழும்பான் வந்திருக்குது, ஆருக்கு வேணும்?" என்று மாம்பழம் விற்பவன் மாதிரிக் கூவுவார். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் தெரியாத யாழ்ப்பாணத்தவர் இல்லை. தோல் கரும்பச்சை, உள்ளே செம்மஞ்சள், தேன். தான் கறுப்பு, வேலை கொழும்பில், ஆகவே அந்தப் பழத்துக்குத் தனது பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள் என்பது மாமாவின் வாதம். கந்தோரில் இருந்த சிவலையான பெரியவருக்கு வெள்ளைக்கொழும்பான் என்று பெயர் வைத்திருந்தார். அதுவும் ஒரு மாம்பழந்தான், ஆனால் "உருசி கொஞ்சம் மட்டு".

அவர் கையில் ஒரு பன்பை இருக்கும். காலத்துக்கு ஏற்றபடி ரம்புட்டான், அன்னாசி, சில வேளை மங்குஸ்தான். அதெல்லாம் யாழ்ப்பாணத்தில் விளையாதவை. திரும்பிப் போகும்போது அதே பையில் மிளகாய்த்தூள், ஒடியல், பனங்கட்டிக் குட்டான், முருங்கைக்காய். வெள்ளவத்தையில் ஏழெட்டுப் பேராகச் சேர்ந்து சமறியில் இருந்தார். அந்தச் சமறிக்கு அம்மம்மாவின் மிளகாய்த்தூள்தான் உயிர்.

ஆனால் பிள்ளைகளாகிய நாங்கள் காத்திருந்தது பழத்துக்கு அல்ல, கதைக்கு. மாமா கிணற்றடியில் குளித்துவிட்டுச் சாரத்தோடு விறாந்தையில் வந்து குந்துவார். முதலாம் வகுப்புப் படுக்கைப் பெட்டியில் தான் வந்த கதை தொடங்கும். மேல் படுக்கையில் எப்பொழுதும் ஒரு முதலாளி. வண்டி பெருத்தவர். அவர் விடுகிற குறட்டையில் பொல்காவலையில் ஸ்ரேசன் மாஸ்ரர் எஞ்சின் விசில் என்று நினைத்துப் பச்சைக் கொடி காட்டிவிட்டார். அடுத்த முறை, முதலாளி படுக்கையோடு கீழே வந்து மாமாவின் நெஞ்சிலே இருந்துவிட்டார், மாகோவில் நாலு பேர் வந்து தூக்கினார்கள். அதற்கடுத்த முறை முதலாளியின் பல்செற்றை எலி கொண்டுபோய்விட்டது. நாங்கள் சிரித்துச் சிரித்து வயிறு நோக விழுந்து கிடப்போம். அம்மம்மா, "உவன்ரை புளுகு" என்று அடுப்படிக்குள் இருந்து ஏசுவா. அவவும் கேட்டுக்கொண்டுதான் இருப்பா.

1974இல் எனக்குப் பத்து வயது. கரும்பலகையில் எழுதியது எனக்கு மங்கலாகத் தெரிந்தபடியால், கொழும்பில் கண் காட்டுவதற்கு மாமா என்னைக் கூட்டிப் போனார். அந்தக் கிழமை முழுக்க எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரே எடுப்பு. படுக்கைப் பெட்டி, முதலாளி, குறட்டை எல்லாவற்றையும் கண்ணால் காணப் போகிறேன் அல்லவா?

காங்கேசன்துறை ஸ்ரேசனில் மெயில் நின்றது. மாமா படுக்கைப் பெட்டியைக் கடந்தார். இரண்டாம் வகுப்பையும் கடந்தார். கடைசியில் மூன்றாம் வகுப்புக்குள் என்னைத் தூக்கி ஏற்றினார். பலகை இருக்கை. ஆட்கள், மூட்டைகள், வெங்காய மணம். சுன்னாகம் வருவதற்குள் நிற்கவும் இடமில்லை. மாமா 'வீரகேசரி'யை விரித்து இருக்கைக்குக் கீழே போட்டு, பன்பையைத் தலையணையாக்கி என்னை அங்கே படுக்க வைத்தார். "மாமா, முதலாளி எங்கை?" என்று கேட்டேன்.

"முதலாளி இண்டைக்கு லீவு" என்றார்.

நான் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரத்தில் குனிந்து என் முகத்துக்குக் கிட்ட வந்து, "மருமோன், கதை முதலாம் வகுப்பு. நாங்கள் மூண்டாம் வகுப்பு. வீட்டை போய்ச் சொல்லிப்போடாதை, கொம்மம்மா அழுவா" என்றார்.

அந்த இரவு முழுவதும் அவர் நின்றார். தனது இருக்கையைக் கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். இருக்கைக்குக் கீழே இருந்த எனக்கு அவருடைய கால்கள்தான் தெரிந்தன. ஒவ்வொரு ஸ்ரேசனிலும் குனிந்து எனக்கு அறிவிப்பார். "கொடிகாமம். தேங்காய் இறங்குது, மனிசர் ஏறுகினம்." "ஆனையிறவு. மூக்கைத் திறந்து வை, உப்புக் காத்துச் சும்மா வருகுது, காசில்லை." "பரந்தன். மூக்கை மூடு, கெமிக்கல் பக்டரி." "மதவாச்சி. இதிலை மாறினால் தலைமன்னார், கப்பல் ஏறினால் இராமேசுவரம். கொம்மம்மாவோடை கோவிச்சால் நான் இதிலைதான் இறங்குவன்." அந்தப் பாதையின் ஸ்ரேசன்களை இன்றைக்கும் நான் வரிசை பிசகாமல் சொல்லுவேன். படித்தது இருக்கைக்குக் கீழே கிடந்துதான்.

கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். முதலாளியைக் கண்டதாகவும் அவருக்கு இப்போது பல் முளைத்துவிட்டதாகவும் தம்பி தங்கைகளுக்குச் சொன்னேன். விறாந்தையில் இருந்த மாமா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

மாமாவுக்கு நாலு சகோதரிகள், அவர் ஒரே ஆண்பிள்ளை. தாத்தா நேரத்தோடு போய்விட்டார். பெரியம்மா, அம்மா, இரண்டு சின்னம்மாமார். யாழ்ப்பாணத்தில் இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும், விளங்கப்படுத்தத் தேவையில்லை. சீதனம், வீடு, நகை. சிங்களச் சோதனையில் சித்தியடையாத அரச ஊழியருக்குச் சம்பள ஏற்றமும் இல்லாத காலம் அது. "நான் சோதனையிலை பெயிலில்லை, சோதனைதான் என்னிலை பெயில்" என்று சொல்லுவார். மூன்றாம் தரம் எழுதித்தான் அதைக் கடந்தார். கடைசிச் சின்னம்மாவுக்கு 1975இல் கலியாணம் நடந்தது. அடுத்த வருடம், நாற்பதாவது வயதில், மாமா மாப்பிள்ளையானார். தலைப்பாகை வைத்தபோது, "நல்லவேளை, இனி மயிர் இல்லாதது தெரியாது" என்று அவர் சொன்னதில் ஐயரும் சிரித்துவிட்டார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் பதினொரு பேரையும் எண்ணிக்காட்டி, "இதுக்கு மேலை சாப்பாடு போட ஏலாது" என்பார்.

ஒரு ஸ்ரேசனுக்கு மட்டும் அவரிடம் பகிடி இல்லாமல் போயிற்று. 1977 ஆவணிக் கலவரத்தில் அநுராதபுரம் ஸ்ரேசனில் தமிழ்ப் பயணிகள் தாக்கப்பட்டார்கள். அந்த நாட்களில் மாமாவும் அந்தப் பாதையில் வந்தவர். என்ன கண்டார் என்று எவரிடமும் சொல்லவில்லை. இரண்டு மாதம் வீட்டில் நின்றார். அம்மம்மா போக வேண்டாம் என்று காலைப் பிடிக்காத குறை. "அம்மா, நாலு வீட்டு அடுப்பு என்ரை வாறண்டிலை எரியுது" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மெயில் ஏறினார். அரசாங்க ஊழியருக்கு இலவசப் பயணத்துக்குக் கொடுக்கும் சீட்டுத்தான் வாறண்ட். அதற்குப் பிறகு கதை சொல்லும்போது மதவாச்சியில் இருந்து நேரே மாகோவுக்குத் தாவிவிடுவார். முதலாளியும் அந்த இடத்தில் நித்திரையாகிவிடுவார்.

1983 ஆடியில் சமறி எரிந்தது. கொழும்பில் இருந்து அகதிகளை ஏற்றிய கப்பல் காங்கேசன்துறையில் வந்து இறக்கியபோது, கட்டியிருந்த சாரமும் யாரோ கொடுத்த சேட்டுமாக மாமா வந்தார். கையில் பன்பை இல்லை. எங்களைக் கண்டதும், "கோச்சி ரிக்கற் மிச்சம். கடலாலும் எங்கடை ஊர்தான் கடைசி ஸ்ரேசன், பாத்தியளே" என்றார். பிறகு அம்மம்மாவின் மடியில் தலையை வைத்து அழுதார். அவர் அழுது நான் கண்டது அந்த ஒரு தரந்தான்.

1990 ஆனியில் யாழ்ப்பாணக் கோச்சி நின்றது. அதே நாட்களில் மாவிட்டபுரத்தை விட்டும் எழும்பினோம். சுன்னாகத்தில் ஒரு வீட்டின் இரண்டு அறைகளில் நாலு குடும்பம். 1992இல் என்னை வெளியில் அனுப்புவதென்று முடிவாயிற்று. காசுக்கு மாமி தாலிக்கொடியைத் தவிர மற்றதெல்லாம் கழற்றினா. மாமாவும் நானும் இரண்டு சைக்கிள்களில் நாவற்குழிப் பாலம் தாண்டி, கொடிகாமம் தாண்டி, கிளாலிக்குப் போனோம். அவருக்கு அப்போது ஐம்பத்தாறு வயது.

கிளாலியை அறிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அறியாத பிள்ளைகளுக்காகச் சொல்லுகிறேன். ஆனையிறவுப் பாதை மூடப்பட்ட பிறகு குடாநாட்டில் இருந்து வெளியே போவதற்கு இருந்தது அந்தக் கடல்நீரேரிதான். இருட்டினபிறகு வெளிச்சம் இல்லாமல் படகுகள் புறப்படும். மோட்டார் பூட்டிய படகு ஒன்று முன்னே போகும். மற்றவற்றைக் கயிற்றால் ஒன்றின்பின் ஒன்றாகக் கோர்த்து இழுக்கும். போனவர்கள் எல்லோரும் போய்ச் சேரவில்லை. சுட்ட இரவுகளும் உண்டு.

மாமா அந்தக் கயிற்றையும் படகு வரிசையையும் பார்த்துக்கொண்டு நின்றார். "மருமோன், இது தண்ணிக் கோச்சியடா. எஞ்சின் முன்னாலை, பெட்டி பின்னாலை. எல்லாம் மூண்டாம் வகுப்பு." பக்கத்தில் பயந்துபோய் நின்ற ஒரு கிழவி சிரித்தா. பிறகு என்னிடம் மெதுவாக, "அடுத்த முறை நிலத்துக் கோச்சியிலை வா. நான் ஸ்ரேசனிலை நிப்பன்" என்றார். நான் படகில் ஏறியபின் திரும்பிப் பார்த்தேன். ஒரு சைக்கிளில் இருந்துகொண்டு, எனது சைக்கிளின் ஹாண்டிலை மற்றக் கையால் பிடித்தபடி, இரண்டையும் மணலுக்குள் ஓட்டிக்கொண்டு போனார். கொஞ்சத் தூரத்தில் இருட்டு மூடிவிட்டது.

றொறன்ரோவுக்கு அவருடைய கடிதங்கள் வரும். நான் உணவுச்சாலையில் கோப்பை கழுவிவிட்டு விடியப்புறம் வந்து வாசிப்பேன். "நீ குளிர்ப்பெட்டிக்குள்ளை இருக்கிறாயாம். நல்லது, பழுதாகாமல் இருப்பாய்." இதை இங்கே அப்போது கூட இருந்த பெடியன்களுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு குளிர்காலம் முழுக்க எங்கள் அறையில் அதுதான் பகிடி. இங்கே வந்து ஓரிரு வருடமேயான குடும்பங்களோடு கதைக்கும்போதெல்லாம் பார்க்கிறேன், ஒவ்வொருவருக்கும் இப்படி ஒருவர் இருக்கிறார். மாமாவோ, சித்தப்பாவோ, பெரியப்பாவோ. இங்கே பிள்ளைகளுக்கு எல்லோரும் 'அங்கிள்'. முறை தெரியாமல் போனால் போகட்டும், அவர்கள் சொன்ன பகிடிகளும் போய்விடக் கூடாது என்றுதான் எனக்குக் கவலை.

1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தது. மார்கழியில் எழுதி, கொழும்புக்கு வந்த யாரிடமோ கொடுத்துவிட்ட கடிதம் ஒன்று எனக்குத் தையில் கிடைத்தது. "நாங்கள் இப்ப மீசாலையிலை, ஸ்ரேசனுக்குக் கிட்ட. ஒரு மாட்டுக்கொட்டில். மாடுகள் நல்ல மாதிரி, இடம் விட்டிருக்குதுகள். வசதியான இடம், கோச்சிக்கு நடந்தே போகலாம். கோச்சிதான் அஞ்சரை வருஷம் லேற்." தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டைகளும் அதற்குள் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

அதுதான் கடைசிக் கடிதம். 1996 மாசியில் ஓரிரவு நெஞ்சு நோ என்று சொல்லியிருக்கிறார். கொண்டுபோக வாகனம் கிடைக்கவில்லை. எனக்குச் செய்தி வந்தபோது முப்பத்தொன்றும் முடிந்துவிட்டது. அன்று இரவும் வேலைக்குப் போனேன். போகாமல் என்ன செய்வது?

பாதையைத் திரும்பப் போட்டார்கள். இந்தியக் கடனில், ஓர் இந்தியக் கம்பனி போட்டது. 2013இல் கிளிநொச்சி, 2014 ஒக்ரோபர் 13இல் யாழ்ப்பாணம், 2015 சனவரியில் காங்கேசன்துறை. அதன் பிறகும் நான் ஒன்றரை வருடம் இழுத்தடித்தேன். வேலை, வீட்டுக் கடன் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் அவர் ஸ்ரேசனில் நிற்கமாட்டார் என்பதைப் போய்க் காண எனக்குத் துணிவு வரவில்லை.

இனி 2016இல் நாங்கள் ஏறிய பெட்டிக்கு வருகிறேன். பொல்காவலையில் இருந்து மகளுக்குச் சொல்லத் தொடங்கினேன். முதலாளி, குறட்டை, பல்செற். முன்னால் இருந்த தம்பதிகளும் கேட்டார்கள். வடை விற்கிற பையன் கூட ஒரு நிமிடம் நின்றான். மாகோவில் நால்வர் வந்து முதலாளியைத் தூக்கிய இடத்தில் மகள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு அநுராதபுரம் வந்தது. நான் பேசாமல் இருந்தேன். "ஏனப்பா நிப்பாட்டிட்டீங்கள்?" என்றாள். அதையும் சொன்னேன். மதவாச்சி வரை இருவரும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம்.

வவுனியாவுக்கு அப்பால் காடும் புதுச் சீமெந்துக் கட்டடங்களும். ஆனையிறவில் எழுந்து நின்றேன். உப்புக் காற்று அப்படியே இருந்தது. பளை, எழுதுமட்டுவாள், மிருசுவில். மகளுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தேன், ஒன்றும் பிழைக்கவில்லை. கொடிகாமம் கழிந்ததும் வாசலுக்குப் போய் நின்றேன். மீசாலை. புதுப் பெயர்ப்பலகை, ஓரத்தில் பனைகள், ஒரு மாடு. எந்தக் கொட்டில் என்று எனக்கு எப்படித் தெரியும்? தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே நின்றேன். மகள் வந்து எனது சேட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள், விழுந்துவிடுவேன் என்று.

காங்கேசன்துறை பிளாற்போமில் மாமி நின்றா. எழுபத்துநாலு வயது. மல்லாகத்தில் இருந்து ஓட்டோ பிடித்து வந்து, இரண்டு மணித்தியாலமாக நின்றிருக்கிறா. "ஏன் மாமி இந்த வெயிலுக்கை?" என்றேன். "அவர் ஸ்ரேசனிலை நிப்பன் எண்டு உனக்குச் சொன்னவராமே. ஆரும் நிக்க வேணுமெல்லே" என்றா.

எங்கள் வளவு அப்போதும் இராணுவத்தின் வேலிக்குள்தான் இருந்தது. வேலிக்கு வெளியே நின்று ஒரு பனையைக் காட்டி, அது எங்கள் பனை என்று மகளுக்குச் சொன்னேன். உண்மையில் அது எங்களதுதானா என்று நிச்சயமில்லை. மாமி ஒன்றும் சொல்லவில்லை.

அமாவாசையன்று கீரிமலைக்குப் போனோம். கடலில் இருந்து சில அடி தூரத்தில் நன்னீர் ஊறும் அந்தக் கேணியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குதிரை முகத்தோடு வந்த சோழ இளவரசி ஒருத்தி அதில் முழுகி முகம் மாறினாள் என்பதும், அதனால்தான் எங்கள் ஊருக்கு மாவிட்டபுரம் என்று பெயர் என்பதும் ஐதீகம். சிறு வயதில் எங்களை அங்கே நீந்தப் பழக்கிய மாமா, "நானும் முப்பது வருஷமாய் முழுகிறன், இந்த முகம் மாறுதில்லை. குதிரைக்குத்தான் வேலை செய்யும்போலை" என்பார். நான் இதைச் சொன்னதும் மாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா.

சனம் நிறைய. ஐயருக்கு முன்னால் இருந்து முதலில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். பிறகு இன்னொருவருக்கும் செய்ய வேண்டும் என்றேன்.

"என்ன முறை?"

"தாய்மாமன். பிள்ளைகள் இல்லை."

"பேரைச் சொல்லுங்கோ."

நான் வாய் திறந்தேன். அவருடைய பதிவுப் பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். கடிதங்களில் எத்தனை தரம் எழுதியிருக்கிறேன்! ஆனால் அந்த நேரம் வாயில் வந்தது, "கறுத்தக்கொழும்பான்."

ஐயர் தர்ப்பையைப் பிடித்த கையோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பின்னால் மாமியும் மகளும் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.